ஆக்செஸ் வாங்க மறுத்த டிஏடி ஃபைல்: ஒரு பீனியா பட்டறையின் பஞ்ச் பதிவு

மைக்ரோசாஃப்டின் டேட்டாபேஸ் மென்பொருளான ஆக்செஸில் ஒரு டெக்ஸ்ட் ஃபைலை இம்போர்ட் செய்யப் போய், "அப்டேட் செய்ய முடியாது, டேட்டாபேஸ் அல்லது ஆப்ஜெக்ட் ரீட்-ஒன்லி" என்று 3027 எண்ணோடு ஒரு செய்தி வந்தால், ரீட்-ஒன்லி டிக்கை எடுப்பது, ஃபோல்டர் பெர்மிஷனைத் துருவுவது, அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து பார்ப்பது என்று அலைய வேண்டாம். ஃபைல் பெயரில் கடைசிப் புள்ளிக்கு அப்புறம் என்ன எக்ஸ்டென்ஷன் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். டிஎக்ஸ்டி, சிஎஸ்வி மாதிரி ஆக்செஸுக்குத் தெரிந்த ஒரு சில எக்ஸ்டென்ஷன்களைத் தவிர வேறு எது இருந்தாலும் இதே செய்திதான் வரும். சில பதிப்புகளில் "இந்த ஃபைலை இம்போர்ட் செய்ய முடியாது" என்று கொஞ்சம் நேராகவே சொல்லிவிடும். காரணம் இரண்டுக்கும் ஒன்றுதான்.

எனக்கு இது வந்த இடம் பெங்களூர் பீனியாவில் ஒரு மெஷின் ஷாப். லேத், மில்லிங், கம்ப்யூட்டரால் ஓடும் சிஎன்சி மெஷின் நாலைந்து, மூன்று ஷிஃப்ட். ஆட்களில் பாதிக்கு மேல் தருமபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலைப் பக்கம். மீதிப் பேர் தும்கூர்க்காரர்கள், பீகார்ப் பையன்கள். கேட்டில் விரல் வைத்துப் பஞ்ச் செய்யும் மெஷின் ஒன்று இருக்கிறது. மாதக் கடைசியில் அதில் பென் டிரைவைச் செருகினால் அட்லாக் என்ற பெயரில் ஒரு ஃபைல் இறங்கும், எக்ஸ்டென்ஷன் டிஏடி. அந்த ஃபைலை வைத்துத்தான் ஹாஜரி (வருகைக் கணக்கு), ஹாஜரியை வைத்துத்தான் சம்பளம், ஓடி (ஓவர்டைம்), பிஎஃப், இஎஸ்ஐ எல்லாம். ஆயிரம் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடத்தில் 7ஆம் தேதிக்குள் கூலி கைக்குப் போயாக வேண்டும் என்று 1936ஆம் வருஷச் சம்பளப் பட்டுவாடாச் சட்டமே சொல்லியிருந்தது. ஃபைல் ஏறவில்லை என்ற காரணம் அங்கே செல்லாது, செல்லவும் கூடாது.

இதற்கு முன்னால் அங்கே நடந்து வந்த முறை இது. டிஏடி ஃபைலை எக்ஸெலில் திறப்பார்கள், சிஎஸ்வியாகச் சேமிப்பார்கள், அதை ஆக்செஸில் ஏற்றுவார்கள். வேலை நடந்த மாதிரிதான் தெரியும். ஆனால் எக்ஸெல் ஒரு தேதி-நேரத்தைப் பார்த்ததும் அதைத் தன் வழக்கப்படி மணி, நிமிடம் வரை மட்டும் காட்டும். சிஎஸ்வியாகச் சேமிக்கும்போது திரையில் தெரிவதைத்தான் எழுதும், அதனால் விநாடி அங்கேயே போய்விடும். மெஷின் 22:03:41 என்று எழுதியது 22:03 ஆகிவிடும், தேதியின் வரிசையும் அந்தக் கம்ப்யூட்டரின் ரீஜனல் செட்டிங்கைப் பொறுத்து மாறும். விநாடிதானே என்று விட முடியாது. ஒரே ஆள் ஒரே நிமிடத்தில் இரண்டு முறை விரல் வைத்தாரா, ஒரே வரி இரண்டு முறை ஏறியதா என்று பிரித்துச் சொல்ல அந்த விநாடி மட்டும்தான் இருக்கிறது. மூல ஃபைலை எக்ஸெல் வழியாகக் கொண்டு போவதில்லை என்று முதலிலேயே முடிவு செய்துகொண்டேன்.

சரி, ஆக்செஸ் ஏன் மறுக்கிறது? ஆக்செஸுக்குப் பின்னால் டெக்ஸ்ட் ஃபைல்களைப் படிக்கிற டிரைவர் ஒன்று இருக்கிறது. முன்பு ஜெட் எஞ்சினில் இருந்தது, 2007இலிருந்து ஏஸ் எஞ்சினில் இருக்கிறது. இந்த டிரைவர் டெக்ஸ்ட் ஃபைலைப் படிப்பது மட்டுமில்லை, குவெரி (டேட்டாபேஸுக்குக் கொடுக்கும் கட்டளை) வழியாகப் புதிதாக எழுதவும் செய்யும். ஒரு குவெரியை வைத்துக்கொண்டு கம்ப்யூட்டரில் உள்ள எந்த ஃபைலை வேண்டுமானாலும் தொடலாம் என்ற நிலை ஆபத்தானது, அதனால் எந்தெந்த எக்ஸ்டென்ஷன்களைத் தொடலாம் என்று, விண்டோஸின் செட்டிங்குகள் இருக்கும் ரெஜிஸ்ட்ரியில் ஒரு வேலி போட்டிருக்கிறார்கள். ஆக்செஸ் கனெக்டிவிட்டி எஞ்சின் என்ற கிளைக்குக் கீழே எஞ்சின்ஸ், அதற்குக் கீழே டெக்ஸ்ட், அதற்குள் 'டிசேபிள்டு எக்ஸ்டென்ஷன்ஸ்' என்று ஒரு மதிப்பு. பெயரைப் பார்த்தால் தடை செய்யப்பட்டவற்றின் பட்டியல் போலத் தெரியும். ஆனால் உள்ளே முதல் எழுத்தாக ஓர் ஆச்சரியக்குறி நிற்கிறது, அதற்குப் பின்னால் டிஎக்ஸ்டி, சிஎஸ்வி, டிஏபி, ஏஎஸ்சி, டிஎம்பி, ஹெச்டிஎம், ஹெச்டிஎம்எல். அந்த ஆச்சரியக்குறி அர்த்தத்தையே திருப்பிவிடுகிறது: இவை தவிர மற்ற எல்லாமே தடை. டிஏடி அந்தப் பட்டியலில் இல்லை. டெம்பரரி ஃபைலுக்கான டிஎம்பி இருக்கிறது, பஞ்ச் மெஷின், தராசு, பழைய பில்லிங் மெஷின் எல்லாம் எழுதுகிற டிஏடி இல்லை.

பட்டியலின் கடைசியில் ஒரு காற்புள்ளி வைத்து டிஏடி என்று சேர்த்துவிட்டால் ஆக்செஸ் அதையும் வாங்கிக்கொள்ளும். இணையத்தில் தேடினால் அனேகமாக முதலில் கண்ணில் படுவது இந்த யோசனைதான். எனக்கு இதில் சம்மதம் இல்லை. பட்டறையில் மூன்று கம்ப்யூட்டர், மூன்றிலும் மூன்று விதமான ஆஃபிஸ். 64 பிட் விண்டோஸில் 32 பிட் ஆஃபிஸ் இருந்தால் அந்த மதிப்பு வாவ்6432நோடு கிளைக்குள் இருக்கும். இணையத்திலிருந்து நேராக இறங்கும் கிளிக்-டு-ரன் முறையில் நிறுவிய ஆஃபிஸ் என்றால் கிளிக்-டு-ரன்னுக்குள்ளேயே ரெஜிஸ்ட்ரி என்று ஒரு தனிக் கிளை, அதற்குள் மறுபடி முழுப் பாதை. ஓர் இடத்தில் மாற்றிவிட்டு ஏன் வேலை செய்யவில்லை என்று விழிப்பவர்களில் பலர் மாற்றியது தங்கள் ஆஃபிஸ் படிக்காத கிளையைத்தான். இதையெல்லாம் தாண்டிச் சரியாக மாற்றினாலும், நாளைக்கு அக்கவுண்ட்ஸ் அக்காவுக்குப் புதுக் கம்ப்யூட்டர் வாங்கிக் கொடுத்தால் மறுபடி இதே கதை. அன்றைக்கு நான் பக்கத்தில் இருப்பேன் என்று என்ன நிச்சயம்? ஃபைலின் பெயரை மாற்றினால் முடிகிற காரியத்துக்கு, பாதுகாப்புக்காகப் போட்ட வேலியை ஒவ்வொரு கம்ப்யூட்டராகப் பிரிக்க வேண்டியதில்லை.

பெயரை மாற்றுவது என்றால் மூலத்தின் பெயரை இல்லை. மெஷினிலிருந்து வந்த ஃபைல் அப்படியே இருக்க வேண்டும், ஒரு எழுத்துகூட மாறக் கூடாது. 'வரவு' என்று ஒரு ஃபோல்டர் வைத்தேன், அதில் மாதத்துக்கு ஒன்றாக மூல ஃபைல்கள். 'வேலை' என்று இன்னொன்று, அதில் அந்த ஃபைலின் நகல் மட்டும், பெயர் எப்போதும் பஞ்ச் டாட் டிஎக்ஸ்டி. விண்டோஸ் எக்ஸ்டென்ஷனை மறைத்து வைத்திருந்தால் பெயர் மாற்றியபின் பஞ்ச் டாட் டிஎக்ஸ்டி டாட் டிஏடி என்று ஆகிவிடக்கூடும், கண்ணுக்கும் தெரியாது. ஆகவே எக்ஸ்ப்ளோரரில் வியூ மெனுவுக்குப் போய் ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸை முதலில் ஆன் செய்துகொள்ளுங்கள். இன்னொன்று, பெயருக்கு நடுவில் புள்ளி வைக்காதீர்கள். மாதத்தைக் குறிக்க 11.2024 என்றெல்லாம் சேர்த்துப் பெயர் வைத்தால், எக்ஸ்டென்ஷன் டிஎக்ஸ்டியாகவே இருந்தாலும் ஆக்செஸ் 'அந்த ஆப்ஜெக்டைக் காணவில்லை' என்று சொல்லும். புள்ளிக்குப் பதில் அடிக்கோடு போடுங்கள், போதும்.

எக்ஸ்டென்ஷன் வெறும் பெயர்தான். டிஏடி என்று மூன்றெழுத்தைப் பார்த்தால் உள்ளே டெக்ஸ்ட் இருக்கலாம், டிபேஸ் என்ற பழைய டேட்டாபேஸின் டேபிள் இருக்கலாம், படம்கூட இருக்கலாம். பெயரை மாற்றுவதற்கு முன்னால் உள்ளே பார்த்தே ஆக வேண்டும். நோட்பேடில் திறந்தேன். ஒரு வரி இப்படி இருந்தது, டேப் வரும் இடத்தில் அம்புக்குறி போட்டிருக்கிறேன்:

       17→2024-11-05 22:03:41→1→0→1→0

முதலில் ஆளின் எண். ஒன்பது இடத்துக்கு வலப்பக்கம் ஒட்டி எழுதுகிறது, அதனால் 17க்கு முன்னால் ஏழு காலி இடம். அப்புறம் டேப், அப்புறம் தேதியும் நேரமும் ஒரே ஃபீல்டில், வருஷம்-மாதம்-நாள் வரிசையில். அடுத்த 1 மெஷினின் எண். அடுத்த 0 உள்ளே வந்தாரா வெளியே போனாரா என்பதைச் சொல்வது, 0 என்றால் உள்ளே, 1 என்றால் வெளியே. அதற்கடுத்த 1 விரல் ரேகை வைத்து உறுதி செய்தது என்பதற்கு. கடைசி 0 வேலைக்கான குறியீடு, நாங்கள் பயன்படுத்துவதில்லை. தலைப்பு வரி கிடையாது. வரி எப்படி முடிகிறது என்பதை நோட்பேடின் கீழ்ப்பட்டையில் விண்டோஸ், சிஆர்எல்எஃப் என்று காட்டியது, நல்லது. அங்கே யூனிக்ஸ், எல்எஃப் என்று காட்டினால் நகலில் வரி முடிவுகளை மாற்றிக்கொண்டு அப்புறம்தான் ஏற்றுவேன், ஆக்செஸின் டெக்ஸ்ட் இம்போர்ட்டை அந்த விஷயத்தில் நான் நம்புவதில்லை.

உள்ளே-வெளியே காட்டும் அந்த 0, 1 ஃபீல்டைப் பார்த்து யாரும் ஏமாற வேண்டாம். மெஷினில் இன், அவுட் என்று தனித்தனிப் பட்டன் இருக்கும்தான், ஆனால் எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டு பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவர் பட்டனைத் தேட மாட்டார், விரலை வைப்பார், போவார். எங்கள் ஃபைலில் கிட்டத்தட்ட எல்லா வரியிலும் 0தான்.

ஏற்றும் முறைக்கு வருவோம். எக்ஸ்டர்னல் டேட்டாவில் டெக்ஸ்ட் ஃபைலைத் தேர்ந்தெடுத்தால் விசார்டு வரும். அதில் நெக்ஸ்ட் நெக்ஸ்ட் என்று தட்டிக்கொண்டே போகாமல், இடது பக்கம் கீழே 'அட்வான்ஸ்டு' என்று ஒரு பட்டன் இருக்கிறதே, அதைத் திறங்கள். பிரிப்பான் டேப் என்றும், ஒவ்வொரு ஃபீல்டும் என்ன வகை என்றும் அங்கே சொல்லலாம். நான் ஆறு ஃபீல்டையும் ஷார்ட் டெக்ஸ்ட் என்றே கொடுத்தேன், தேதியையும் சேர்த்துத்தான். விசார்டு முதல் சில வரிகளைப் பார்த்து வகையை ஊகிக்கும், அந்த ஊகத்துக்குப் பொருந்தாத வரி பின்னால் எங்காவது வந்தால் அந்த ஃபீல்டைக் காலியாக விட்டுவிட்டு, இம்போர்ட் எரர்ஸ் என்று முடிகிற பெயரில் தனி டேபிள் ஒன்றை உண்டாக்கிப் போட்டுவிடும். தேதி வரிசை நம் ஊர் ரீஜனல் செட்டிங்கில் நாள்-மாதம்-வருஷம், ஃபைலிலோ வருஷம் முன்னால். அட்வான்ஸ்டில் ஒய்எம்டி என்று மாற்றலாம், ஆனால் எல்லாவற்றையும் டெக்ஸ்டாக இறக்கிவிட்டு, அப்புறம் குவெரியில் டிரிம் போட்டு எண்ணின் காலி இடங்களை நீக்கி, சிடேட் போட்டுத் தேதியாக்குவது எனக்கு நிம்மதி. ஒரு வரி மாறவில்லை என்றால் அது டேபிளில் கண் முன்னால் டெக்ஸ்டாக நிற்கும், காணாமல் போகாது. வருஷம்-மாதம்-நாள் என்று எழுதிய தேதியை சிடேட் எந்த ரீஜனல் செட்டிங்கிலும் ஒரே மாதிரிதான் புரிந்துகொள்ளும். 05-11 நவம்பர் ஐந்தா, மே பதினொன்றா என்ற குழப்பம் அதில் இல்லை.

அமைத்து முடித்ததும் அதே அட்வான்ஸ்டு ஜன்னலில் 'சேவ் ஆஸ்' போட்டு ஒரு பெயர் கொடுங்கள். இங்கேதான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். விசார்டின் கடைசியில் 'இந்த இம்போர்ட்டைச் சேமிக்கவா' என்று இன்னொரு கேள்வி வரும். அது சேமிப்பது வேறு விஷயம், ஃபைலின் பாதை உட்பட அந்த ஒரு முறை செய்த காரியம் முழுவதையும். ஆக்செஸுக்குள் நிரல் எழுதும் மொழியான விபிஏவில், இம்போர்ட்டைச் செய்யும் டூகமாண்டின் டிரான்ஸ்ஃபர்டெக்ஸ்ட் கட்டளை கேட்பது அட்வான்ஸ்டுக்குள் சேமித்த ஸ்பெசிஃபிகேஷன் பெயரை. கடைசிக் கேள்வியில் வைத்த பெயரை அங்கே கொடுத்தால் 3625, அப்படி ஒரு ஸ்பெசிஃபிகேஷனே இல்லை என்று வரும். அட்வான்ஸ்டில் சேமித்தது அந்த ஆக்செஸ் ஃபைலுக்குள்ளேயே மறைந்திருக்கும் இரண்டு சிஸ்டம் டேபிள்களில் இருக்கிறது. புது டேட்டாபேஸுக்கு மாறும்போது பழைய ஆக்செஸ் ஃபைலிலிருந்து இம்போர்ட் செய்து, ஆப்ஷன்ஸில் 'இம்போர்ட்/எக்ஸ்போர்ட் ஸ்பெக்ஸ்' டிக்கைப் போட்டால் கூடவே வந்துவிடும்.

விபிஏ பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரு பட்டன். தட்டினால் ஃபைலைத் தேர்ந்தெடுக்கும் ஜன்னல் வரும், தேர்ந்தெடுத்ததை ஃபைல்காப்பி கட்டளை 'வேலை' ஃபோல்டருக்குள் பஞ்ச் டாட் டிஎக்ஸ்டி என்ற பெயரில் நகலெடுக்கும், 'பச்சை வரிகள்' (மூலத்தில் இருந்தபடியே வரும் வரிகள்) என்ற டேபிளைக் காலி செய்யும், டிரான்ஸ்ஃபர்டெக்ஸ்ட் அதில் ஏற்றும், கடைசியாக, வரிகளைச் சேர்க்கும் ஓர் அப்பெண்ட் குவெரி உண்மையான பஞ்ச் டேபிளுக்கு மாற்றும். மூல ஃபைலின் பெயர் என்னவாக இருந்தாலும், எக்ஸ்டென்ஷன் என்னவாக இருந்தாலும் ஆக்செஸ் பார்ப்பது அந்த ஒரே டிஎக்ஸ்டி பெயரைத்தான். டிஏடியை வாங்காத வேலி இருந்த இடத்திலேயே இருக்கிறது, வேலையும் நடக்கிறது.

அப்பெண்ட் குவெரியில் ஒரு காரியம் கட்டாயம். மெஷினுக்குள் பழைய பதிவுகளை அழிக்காதவரை ஒவ்வொரு முறை இறக்கும்போதும் அது முழு வரலாற்றையும் கொடுக்கும், இந்த மாதம் மட்டும் தனியாக வராது. ஆகவே பஞ்ச் டேபிளில் ஆள் எண், தேதி-நேரம், மெஷின் எண் மூன்றையும் சேர்த்து, ஒரே வரி இரண்டு முறை வராமல் தடுக்கும் ஒரு யூனிக் இண்டெக்ஸ் போட்டேன். ஏற்கெனவே உள்ள வரியை அது தானாகவே தள்ளிவிடும், ஆனால் 'இத்தனை வரிகள் கீ வயலேஷன்' என்று பயமுறுத்துகிற பெட்டி ஒன்று வரும். அதைப் பார்த்து அக்கவுண்ட்ஸ் அக்கா, "ஏதோ தப்பாயிடுச்சு போல இருக்கு தம்பி, சேர்க்கவா வேணாமா?" என்று ஒவ்வொரு தடவையும் கேட்க வேண்டியிருக்கும். அவர் கேட்பதில் நியாயம் இருக்கிறது, பெட்டியில் இருப்பதைப் படித்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். ஆகவே பச்சை வரிகளையும் பஞ்ச் டேபிளையும் லெஃப்ட் ஜாயின் போட்டு, அங்கே இல்லாத வரிகளை மட்டும் சேர்க்கிற மாதிரி குவெரியை எழுதிவிட்டேன். இண்டெக்ஸ் காவலுக்கு நிற்கிறது, பெட்டி வருவதில்லை. ஏறிய வரி எத்தனை, ஏற்கெனவே இருந்தது எத்தனை, தேதியாக மாறாமல் நின்றது எத்தனை என்று மூன்று எண் மட்டும் தமிழில் காட்டும்.

இதையெல்லாம் இவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்வதற்குக் காரணம் ராத்திரி ஷிஃப்ட். மில்லிங்கில் இருக்கிற ஓர் அண்ணன், எங்களில் மூத்தவர், சம்பளச் சீட்டை எடுத்துக்கொண்டு வந்தார். "ராத்திரி வந்து காலையில பத்து மணி வரைக்கும் நின்னேன் தம்பி, நாலு மணி நேர ஓடிய காணோமே." பழைய முறை ஒவ்வொரு தேதிக்கும் ஆளின் முதல் பஞ்ச், கடைசிப் பஞ்ச் இரண்டையும் எடுத்துக் கழிக்கும். 5ஆம் தேதி இரவு 22:03க்கு உள்ளே வந்தவர் 6ஆம் தேதி காலை 10:02க்கு வெளியே போகிறார், மறுபடி அன்று இரவு 22:01க்கு வருகிறார் என்று வையுங்கள். 5ஆம் தேதிக்கு ஒரே ஒரு பஞ்ச், ஆகவே பூஜ்யம். 6ஆம் தேதிக்கு 10:02 முதல் 22:01 வரை, அவர் வீட்டில் தூங்கிய நேரம் முழுக்க வேலை நேரமாக விழுகிறது. இந்தக் குளறுபடி தெரிந்து கையால் திருத்துவார்கள், திருத்தும்போது ஓடி விட்டுப்போகும். தொழிற்சாலைச் சட்டம் 1948, 59ஆவது பிரிவில் ஓவர்டைமுக்கு இரட்டிப்புக் கூலி என்று வைத்தது. நாலு மணி நேரம் விட்டுப்போனால் அவருக்குப் போவது எட்டு மணி நேரக் கூலி.

தேதியைப் பார்க்காமல் பஞ்சுகளை நேர வரிசையில் வைத்து ஜோடி சேர்ப்பதுதான் வழி. ஆறு மணி நேரம் பின்னால் தள்ளித் தேதியைக் கணக்கிடலாம் என்ற யோசனை நன்றாகத்தான் தெரியும், ஆனால் காலை 5:45க்கு முதல் ஷிஃப்டுக்கு வருகிறவரும் 6:05க்கு ராத்திரி ஷிஃப்ட் முடித்துப் போகிறவரும் ஒரே கேட்டில் இருக்கும்போது எவ்வளவு தள்ளினாலும் ஒருவர் தவறான பக்கம் விழுவார். ஆகவே ஓர் ஆளின் அடுத்தடுத்த பஞ்சுகளில் சில நிமிட இடைவெளியில் இருப்பவற்றை ஒன்றாக்கி, வந்த பஞ்சுக்கு அடுத்து 16 மணி நேரத்துக்குள் உள்ள பஞ்சைப் போன பஞ்சாக எடுத்து, வந்த தேதியையே ஷிஃப்டின் தேதியாக வைத்தேன். ஜோடி கிடைக்காத வரியை நிரல் ஊகித்து நிரப்பாது. அது தனி ரிப்போர்ட்டில் மேஸ்திரியிடம் போகும், அவர் அந்த ஆளைக் கூப்பிட்டுக் கேட்டு எழுதித் தருவார். அந்த அண்ணன் கேட்டதற்கு மூல ஃபைலில் இருக்கிற இரண்டு வரிகளைத் திரையில் காட்ட முடிந்தது, பாக்கி அடுத்த சம்பளத்தோடு சேர்ந்து வந்தது. மூலத்தைத் தொடாமல் வைப்பதன் பலன் அங்கேதான் தெரியும்.

டிஏடி முடிந்ததும் மற்ற ஃபைல்கள் வரிசையாக வந்தன.

சம்பளச் சீட்டில் ஆளின் பெயர் அவரவர் எழுத்தில் இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டோம். ஆஃபிஸில் உள்ள பெண் பெயர்களை எல்லாம் ஃபோனில் தமிழிலும் கன்னடத்திலும் இந்தியிலும் தட்டி அனுப்பினாள், ஃபைலின் எக்ஸ்டென்ஷன் நாலெழுத்தில் டெக்ஸ்ட் என்று முழுசாக இருந்தது. அதுவும் ஆக்செஸின் பட்டியலில் இல்லை. நகலெடுத்து டிஎக்ஸ்டியாக்கி ஏற்றினால் பெயர்கள் எல்லாம் குப்பை எழுத்தாக வந்தன. ஃபைல் எல்லா மொழிக்கும் பொதுவான யுடிஎஃப்-8 எழுத்து முறையில் இருந்தது, விசார்டு அதை மேற்கத்திய விண்டோஸ் எழுத்து முறையாக எடுத்துக்கொண்டது. அட்வான்ஸ்டில் கோட் பேஜ் என்ற இடத்தில் யுனிகோட் யுடிஎஃப்-8ஐ, அதாவது 65001ஐ, தேர்ந்தெடுத்தால் சரியாகிவிடும். அந்தக் குப்பையிலும் ஓர் ஒழுங்கு இருக்கிறது, கவனித்துப் பாருங்கள். யுடிஎஃப்-8இல் இந்த மூன்று மொழிகளின் எழுத்து ஒவ்வொன்றும் மூன்று பைட். முதல் பைட் எல்லாவற்றுக்கும் ஒன்றே, அது தலையில் கோடு போட்ட சின்ன ஆங்கில 'ஏ'யாகத் தெரியும். இரண்டாவது பைட்தான் மொழியைச் சொல்லும். தமிழ் என்றால் வட்டத்துக்குள் ஆர் போட்ட பதிவுக்குறி அல்லது மேலே ஒரு கோடு, இந்தி என்றால் நாலு மூலையிலும் கோடு நீட்டிய பணக்குறி அல்லது ஜப்பானிய யென் குறி, கன்னடம் என்றால் மேலே தூக்கி எழுதிய 2 அல்லது 3. இது தெரிந்தால், குப்பையாக வந்த வரியைப் பார்த்தே அது யாருடைய எழுத்து என்று சொல்லிவிடலாம், தகவல் அழியவில்லை என்றும் தைரியமாக இருக்கலாம். கேள்விக்குறியாக வந்திருந்தால்தான் கவலை, அதைத் திருப்ப முடியாது. ரிப்போர்ட்டில் ஃபாண்டை நிர்மலா யுஐ என்று வைத்தேன், மூன்று எழுத்தும் அதிலேயே இருக்கின்றன.

அடுத்தது பழைய சம்பள சாஃப்ட்வேரின் ஆள் பட்டியல். இதுவும் டிஏடிதான், ஆனால் நோட்பேடில் திறந்தால் கட்டம் கட்டமாக ஏதேதோ, நடுவில் பெயர்கள். இந்த மாதிரி இருந்தால் டிஎக்ஸ்டி என்று பெயர் மாற்றி ஒரு பிரயோஜனமும் இல்லை. பவர்ஷெல்லில் ஃபார்மட்-ஹெக்ஸ் கட்டளையில் முதல் வரியைப் பார்த்தேன். முதல் பைட் 03. டிபேஸ் III வகை டேபிளின் அடையாளம் அது, பழைய ஃபாக்ஸ்ப்ரோ என்ற டேட்டாபேஸ் மென்பொருளும் மெமோ (நீளமான குறிப்பு) ஃபீல்டு இல்லாத டேபிளுக்கு அதையேதான் எழுதும். அடுத்த மூன்று பைட் கடைசியாக மாற்றிய தேதி. அதற்கடுத்த நாலு பைட் மொத்த ரெக்கார்டு எண்ணிக்கை, சின்ன பைட் முதலில். 42 00 00 00 என்று இருந்தது, பதினாறடிமானத்தில் 42 என்றால் 66. தலைப்பு முடிந்ததும் 32ஆவது பைட்டிலிருந்து ஃபீல்டு விவரங்கள், ஒவ்வொன்றுக்கும் 32 பைட், அதில் ஃபீல்டின் பெயர் ஆங்கிலத்தில் பச்சையாகவே தெரியும். சாஃப்ட்வேர் எழுதினவர் டிபேஸின் டிபிஎஃப் டேபிளுக்கு டிஏடி என்று பெயர் வைத்திருக்கிறார், அவ்வளவுதான்.

நகலுக்கு டிபிஎஃப் என்று எக்ஸ்டென்ஷன் கொடுத்து, பெயரையும் எட்டு எழுத்துக்குள் சுருக்கி வைத்தேன், ஏனென்றால் ஆக்செஸின் டிபேஸ் டிரைவர் இன்னும் பழைய டாஸ் கணக்கில்தான் பெயரைப் பார்க்கிறது. எந்த ஆக்செஸில் ஏற்றுகிறோம் என்பதும் முக்கியம். ஆக்செஸ் 2013இல் டிபேஸ் ஆதரவை எடுத்துவிட்டார்கள், நிறையப் பேர் கேட்டபின் 2016இல் ஆஃபிஸ் 365 சந்தாக்காரர்களுக்குத் திரும்பக் கொடுத்தார்கள். பட்டறையில் ஒரு கம்ப்யூட்டரில் மட்டும்தான் சந்தா ஆஃபிஸ் இருந்தது, அங்கே ஏற்றி ஆக்செஸ் டேபிளாக மாற்றிக்கொண்டேன். உள்ளே வந்தது 66 வரிதானா என்று தலைப்பில் இருந்த எண்ணோடு ஒப்பிட்டேன். டிபிஎஃப்பில் அழித்த ரெக்கார்டு உடனே போய்விடாது, வரியின் முதல் பைட்டில் ஒரு நட்சத்திரக் குறி மட்டும் விழும், பேக் கட்டளையால் சுத்தம் செய்யும்வரை ஃபைலுக்குள்ளேயே கிடக்கும். வேலையை விட்டுப் போனவர் பட்டியலில் திரும்ப முளைத்தாலோ, எண்ணிக்கை குறைந்தாலோ அந்த நட்சத்திரத்தைத் தேடுங்கள். முதல் பைட் 30 என்று இருந்தால் அது விஷுவல் ஃபாக்ஸ்ப்ரோ, ஆக்செஸ் அதை நேராக எடுக்காது, இடையில் இணைத்துக் கொடுக்கும் ஓடிபிசி டிரைவர் வேண்டும், அதுவும் 32 பிட்டில்தான் கிடைக்கும்.

கடைசியாக, பிஎஃப் பங்களிப்புக் கணக்கை மாதாமாதம் அனுப்பும் இசிஆர் ஃபைல். இதற்கு எக்ஸ்டென்ஷன் டிஎக்ஸ்டிதான், ஆக்செஸ் மறுப்பே சொல்லாமல் வாங்கும், ஆனால் உள்ளே ஃபீல்டுகளைப் பிரிப்பது #~# என்ற மூன்று குறி. ஆக்செஸுக்குப் பிரிப்பான் ஒரே எழுத்தாகத்தான் இருக்க வேண்டும். பழைய மாதங்களின் இசிஆர் ஃபைல்களை ஏற்றிப் பஞ்ச் கணக்கோடு ஒப்பிட வேண்டியிருந்தது, ஆகவே நகலெடுக்கும்போதே ஒவ்வொரு வரியிலும் அந்த மூன்று குறியை ரிப்ளேஸ் போட்டு டேப் ஆக்கி எழுதச் சொன்னேன். தலைப்பு வரி இல்லை, வரிக்கு 11 ஃபீல்டு, முதல் ஃபீல்டு 12 இலக்க யுஏஎன், அதாவது ஆளின் பிஎஃப் எண். அந்த எண்ணைக் கட்டாயம் ஷார்ட் டெக்ஸ்டாக வையுங்கள், விசார்டின் ஊகத்துக்கு விட்டால் டபுள் என்ற எண் வகையாகி, அறிவியல் முறையில் சுருங்கித் தெரியக்கூடும்.

இப்போது அந்த ஒப்பிடும் குவெரிதான் மாதாமாதம் ஓடுகிறது. பஞ்ச் டேபிளில் வேலை செய்த நாள் ஒரு பக்கம், இசிஆரின் பத்தாவது ஃபீல்டில் பங்களிப்பு இல்லாத நாள் என்று போட்டது இன்னொரு பக்கம். இரண்டும் இடிக்கிற பெயர்கள் ஒரே பக்கத்தில் பிரிண்ட் ஆகி, சம்பளம் போடுவதற்கு முன்னால் மேஸ்திரி கைக்குப் போகிறது.